கடலைக்குள் போகாத உப்பு

“நெருப்போடு நேருக்கு நேர் நிற்பவர். அஞ்சாத நெஞ்சர். தாதுவை உப்பில் வறுப்பதில் கரைகண்ட நிபுணர்.” தாது ஆலையின் ஆண்டு மலரில் உலைக்காரரின் படத்துக்குக் கீழே இப்படி அச்சாகியிருந்தது. படத்தில் அவர் மப்ளர் கட்டியிருந்தார். அவர் வேலை பார்க்கும் கட்டுப்பாட்டு அறையில் ஏசி எப்போதும் உச்சத்தில் ஓடும். குறைத்தால் கணினிகள் கோபித்துக்கொள்ளும் என்று பொறியாளர்கள் சொல்லிவிட்டார்கள். நெருப்பு இருந்தது சுவருக்கு அந்தப் பக்கம், இரண்டு ரயில் பெட்டி நீளத்தில் மெல்லச் சுழலும் இரும்பு உருளைக்குள். அவருக்கு அதனுடன் திரை வழியாகத்தான் பழக்கம். வீட்டில் கேஸ் அடுப்பைப் பற்றவைக்க நேர்ந்தால் லைட்டரை முழுக்கை நீட்டிப் பிடித்து, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வார்.

அதற்காக வேலை தெரியாதவர் என்று சொல்லிவிட முடியாது. தாதுப் பொடியில் உப்பைக் கலந்து, லேசாக ஈரம் காட்டி, மணிக்கணக்கில் வறுக்க வேண்டும். உப்பு பொடிக்குள் புகுந்து உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு தண்ணீரில் போட்டால் உலோகம் கரைந்து வெளியே வந்துவிடும். வறுபடாத தாது எத்தனை நாள் ஊறினாலும் கல்லாகவே கிடக்கும். இதை அவர் பிசகாமல் செய்தார். ஏதாவது சந்தேகம் வந்தால் பக்கத்து நாற்காலிக்காரரைக் கேட்பார். அவருக்கும் சந்தேகம் என்றால் இரண்டு பேரும் டீ குடித்துவிட்டு முடிவு செய்வார்கள். உருளை காத்திருக்கும்.

அவர் மனைவி சினிமாக் கொட்டகை வாசலில், தள்ளுவண்டியில், உப்பில் வறுத்த வேர்க்கடலை விற்றாள். ஆக, ஒரே வீட்டில் இரண்டு பேர் உப்பில் வறுத்துப் பிழைத்தார்கள். ஒருவர் வேலையை மற்றவர் ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை. குடும்பம் நிம்மதியாக நடந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஒரு மாலை அவள் கொட்டகைப் படியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தவளுக்குக் கையைவிட, வண்டி நிற்கும் இடத்தைப் பற்றித்தான் கவலை.

“கை தானா சேர்ந்துடும். இடம் போனா திரும்ப வராது,” என்றாள். கொட்டகை வாசலில் ஒரே சட்டம்தான்: காலியாகக் கிடக்கும் இடம் முதலில் வந்தவருக்கு. “நாளைக்கு நான் இல்லேன்னா அந்தப் பாப்கார்ன்காரர் மெஷினை நகர்த்திடுவாரு. அப்புறம் நகர மாட்டாரு.”

“நான் போறேன்,” என்றார் உலைக்காரர்.

“நீங்களா?”

“உப்புல வறுக்கறதுதானே. எனக்கென்ன புதுசா?”

அக்காவைப் பார்க்க வந்திருந்த தம்பி செருப்பை மாட்டியபடியே, “மாமா, தீயணைப்பு நம்பரைச் சுவத்துல எழுதிட்டுப் போகவா?” என்றான்.

மறுநாள் காலை, மாத்திரை மயக்கத்தில் அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே உலைக்காரர் காரியத்தில் இறங்கினார். கடலையில் உப்பைக் கலந்தார். லேசாகத் தண்ணீர் தெளித்தார். குளிர்ந்த வாணலியில் கொட்டி மூடி, அடுப்பைச் சிறு தீயில் வைத்துவிட்டு, நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். ஆலை முறைப்படி ஒரு குறையும் இல்லை.

அவள் எழுந்து வந்து ஒரு கடலையை வாயில் போட்டாள். பேசுவதற்கு முன்னால் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தாள்.

“இதைத் தின்னவன் படம் பாக்க மாட்டான். இடைவேளை முடிஞ்சும் குழாயடியிலயே நிப்பான்.”

“உப்பு நல்லா உள்ள இறங்கியிருக்கு,” என்றார் அவர், கொஞ்சம் பெருமையாகவே.

“அது உங்க ஆலையில இறங்கட்டும். இங்க உப்பு வெறும் சூடுதாங்க. கடலையைச் சுத்தி நின்னு வறுத்துட்டு, வெளியவே நின்னுக்கணும். முதல்ல உப்பை மட்டும் நல்லாக் காய வைங்க. அப்புறம் கடலை. விடாம கிண்டுங்க. வெடிக்கிற சத்தம் அடங்கறப்போ சல்லடையில கொட்டிடுங்க.”

“எத்தனை நிமிஷம்?”

“சத்தம் அடங்கற வரைக்கும்.”

“சரி, அது எத்தனை நிமிஷம்?”

“உங்களைக் கட்டிக்கிட்டு எத்தனை வருஷம்னு கேளுங்க, அதை வேணா சொல்றேன்.”

அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு கிண்டினார். சத்தம் அடங்கியது போலிருந்தது. நிச்சயமாக அடங்கிவிட்டதா என்று யோசித்தார். அந்த யோசனைக்குள் கடலை கரியானது. அடுத்த தடவை அந்தப் பயத்தில் அவசரப்பட்டார். சில கடலைகள் சிவந்திருந்தன, சில வெளிறிக் கிடந்தன.

மதியக் காட்சிக்கு நேரம் நெருங்கியது. “போதும், எடுத்துட்டுக் கிளம்புங்க,” என்றாள்.

“நல்லா இல்லையே.”

“நல்லாத்தான் இல்ல. இடம் காலியா இருக்கே.”

அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனபோது பாப்கார்ன் மெஷினின் இரண்டு சக்கரங்கள் ஏற்கெனவே அவளுடைய இடத்துக்குள் வந்திருந்தன.

“அக்கா வரலையா?” என்று பாப்கார்ன்காரர் அக்கறையோடு விசாரித்தார்.

“நான் வந்திருக்கேன்.”

“வெயிலுக்காகக் கொஞ்சம் நகர்த்தினேன், அவ்வளவுதான்.” மெஷின் வந்த வழியே போனது.

முதல் பொட்டலத்தை வாங்கியவர் நின்று மென்று பார்த்தார். “அண்ணே, இதுல பாதி நேத்து வறுத்தது, மீதி நாளைக்கு வறுக்கப் போறதா?”

உலைக்காரர் கேள்வியை நிதானமாக யோசித்து, “எல்லாம் இன்னைக்குத்தாங்க,” என்றார்.

அதன் பிறகு கடலை ஓரளவு தேறியது. சில நாள் சத்தம் அவருக்குப் பிடிபட்டது, சில நாள் போக்குக் காட்டியது. “அக்கா எப்ப வருவாங்க?” என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. அவரும் ஒவ்வொருவருக்கும் மரியாதையாகப் பதில் சொன்னார். பாப்கார்ன்காரர் தினமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் இடத்திலேயே மெஷினை ஓட்டினார்.

கட்டுப் பிரித்த கையோடு அவளே கொட்டகை வாசலுக்கு வந்தாள். தட்டில் மிச்சமிருந்த கடலையில் ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

“எத்தனை பேரைத் தொலைச்சீங்களோ,” என்றாள்.

“இடம் இருக்குல்ல?”

“இருக்கு,” என்று சொல்லி, அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

அவர் செய்தது இவ்வளவுதான்: மனைவியின் கைக்கட்டைப் பிரிக்கும் வரை, ஆலையில் இராப்பணியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு மதியக் காட்சியைக்கூட விடாமல் கொட்டகை வாசலில் அவளுடைய இடத்தில் நின்று சுமாரான கடலை விற்றார்.