சுரண்டிப் பார்க்காத புளியமரம்

சட்டியில் குறுமரம் வளர்க்கும் எங்கள் பொன்சாய் கழகத்தில் பருவகாலப் பராமரிப்பு பற்றி வகுப்பு எடுப்பவன் நான். என் வகுப்பில் முன்வரிசையில் இருக்கும் காத்தான்குடி பரீதா, மக்காவுக்கு உம்றா போகும்போது தன் புளியமரச் சட்டியை நம்பி என்னிடம் தந்துவிட்டுப் போனார். பதினொரு வருடம் வளர்த்த, ஒரு முழ உயர மரம்.

ஆடியில் கச்சான் காற்று அனலாக வீசியது. ஒரே கிழமையில் மரம் இலை முழுவதையும் கொட்டிவிட்டது. வகுப்பு எடுப்பவனின் கையிலேயே மரம் செத்தது என்றால் கழகத்தில் தலைகாட்ட முடியுமா? அதைப் பிடுங்கிக் கிணற்றடிக் குப்பையில் எறிந்தேன். களுதாவளையில் அதே அளவுப் புளி ஒன்றை வாங்கி, அவருடைய சட்டியிலேயே நட்டுவைத்தேன்.

மூன்றாம் நாள் பரீதா வந்தார். சட்டியை ஒரு தடவைதான் திருப்பினார்.

"சேர், இது என்ட மரமில்லையே."

மறைக்க முடியவில்லை. "அது செத்துப்போச்சு பிள்ள. குப்பையில போட்டுட்டன்" என்றேன்.

அவர் குப்பையைக் கிளறி மரத்தை எடுத்தார். நகத்தால் பட்டையைச் சுரண்டினார். உள்ளே ஈரப் பச்சை.

"கச்சானுக்கு இலையக் கொட்டிப்போட்டு நிக்கும், சுரண்டிப் பாக்காம செத்ததெண்டு சொல்லாதீங்க எண்டு நீங்கதானே சேர் படிப்பிச்சீங்க?"

குரலில் கோபமே இல்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். மரத்தை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

மாரி மழைக்கு அது துளிர்த்துவிட்டதாம். நான் போய்ப் பார்க்கவில்லை. வகுப்பில் அந்தப் பாடத்தை இன்னும் சொல்கிறேன். அந்த இடம் வந்ததும் பரீதா தலையைக் குனிந்து எதையோ எழுதத் தொடங்குவார், நான் அவர் முகத்தைப் பார்க்க வேண்டிவராமல்.