சளி டப்பாவைக் கண்டு ஓடியவன்

குண்டு வெடித்தாலும் கண் சிமிட்டாத ஆள் நான். பொய். பட்டாசுக்கே காதைப் பொத்திக்கொள்கிறவன். வீட்டில் காசநோய் (நுரையீரலை அரிக்கும் நோய்) உள்ளவர்கள் என் லட்சணத்தைத் தெரிந்துகொண்டால் நல்லது. அதற்காகத்தான் சொல்கிறேன்.

என் மனைவி எல்லம்மா இருமியபோது ரத்தம் வந்தது. தினமும் ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து) ஊசி போடவேண்டும் என்றார் டாக்டர். சிராங்கூன் ரோட்டு வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போய்வந்தாள்.

அப்போது எங்கள் நாட்டுக்கு இந்தோனேசியாவோடு சண்டை. ஊருக்குள் குண்டு வைத்தார்கள். நான் மளிகைக் கடையில் மூட்டை தூக்கப் போவேன். அவளை மட்டும் வெளியே விடவில்லை. நான்கு ஊசி தவறியது. மறுபடி ரத்தம். அலறியடித்துக்கொண்டு நானே அழைத்துப் போனேன்.

மிஸி (தாதி) என்னைப் பிடித்துக்கொண்டார். "சண்டை வந்ததிலேருந்து வரிசையில பொம்பளைங்களே கொறைஞ்சிட்டாங்க. எல்லாம் உங்கள மாதிரி வீரனுங்க வேல. ஊசிய விட்டு விட்டுப் போட்டா கிருமி மருந்துக்கு அடங்காதுலா. அப்புறம் குண்டே தேவையில்ல."

மறுநாள் காவலுக்கு நானும் கிளம்பினேன். அவள் சளி துப்ப மூடிபோட்ட பால்மாவு டப்பா ஒன்று உண்டு. துணியில் சுற்றி என் கையில் கொடுத்தாள். தெரிந்தவர்கள் பார்த்தால் வெட்கம் என்று பஸ் ஸ்டாப்பில் தூணோரம் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன்.

"யாரு பொட்டலம் இது?" என்று ஒருவர் கத்தினார். "தொடாதீங்க! குண்டுலா!"

கூட்டம் சிதறியது. முதலில் ஓடியவன் நான். வைத்ததே நான்தான் என்பது இரண்டு கடை தாண்டிய பிறகுதான் உறைத்தது.

திரும்பிப் பார்த்தேன். ஆளில்லாத ஸ்டாப்பில் எல்லம்மா மட்டும் மெல்ல நடந்துபோய் டப்பாவை எடுத்தாள்.

"என் எச்சிலுக்கா இத்தன பேரு ஓடுறீங்க?"

பஸ் வந்தது. படியில் கால் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "நீங்க வீட்டுக்குப் போங்க. வெளிய ஆபத்து."

அதற்குப்பின் ஒரு ஊசிகூடத் தவறவில்லை. எங்கள் சந்தில் வீட்டோடு கிடந்த இரண்டு பிள்ளைத்தாய்ச்சிகளும் அவளோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டார்கள். தடுக்க வந்த புருஷன்மாரிடம் என் ஓட்டத்தைத்தான் சொல்வாளாம்.

கடைசி எக்ஸ்ரேயில் நெஞ்சு சுத்தம். மாடி ஏறுவதற்குள் மூன்று முறை உட்கார்ந்தவள், இப்போது மேலே நின்று எனக்காகக் காத்திருக்கிறாள். அவள் இருமலை வைத்து ராத்திரியில் நேரம் சொன்னவன் நான். இப்போது விடிவதே தெரிவதில்லை. அன்றைக்கு ஓடியதில் என் வேட்டி எந்தக் கடை வாசலில் அவிழ்ந்தது என்றால்...

"ஏங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு! டப்பா கிப்பா எதுவும் இல்ல, தைரியமா வாங்க!"