பதிமூன்று கிலோமீட்டர் நீளமுள்ள பென்ட்லி

என் அக்காள் கணவர் சொக்கலிங்கம் எங்கள் தீவின் ஹேடோ துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடமாக டாலி கிளார்க். மெயின்லாண்டிலிருந்து கப்பல் வந்து கரையில் கட்டியதும், இறங்கும் ஒவ்வொரு மூட்டைக்கும் பெட்டிக்கும் சீட்டில் ஒரு கோடு போடுவது அவர் வேலை. நான்கு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக. எல்லாம் இறங்கிய பிறகு அடியில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுவார்: "முழுமையாக இறங்கியது. சேதாரம் இல்லை." இந்த வரி அவருடைய ரத்தத்தில் கலந்துவிட்டது. மகள் பிறந்தபோது எங்கள் அப்பாவுக்கு அவர் கொடுத்த தந்தியிலும் இதுதான் இருந்தது. அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் யோசித்தார்.

அத்தானுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டரையே கொஞ்சம் சந்தேகத்தோடுதான் ஓட்டுவார். ஆனால் பழைய பிரிட்டிஷ் கார்களைப் பற்றி அவரிடம் வாய் திறந்தால் அன்றைக்கு வேறு வேலை நடக்காது. அதிலும் 1951ஆம் வருடத்து பென்ட்லி மார்க் சிக்ஸ் என்றால் குரல் தாழ்ந்துவிடும், கோயிலுக்குள் பேசுகிற மாதிரி.

"இதுல கியர் கம்பி டிரைவருக்கு வலப்பக்கம், மாப்ளே. சீட்டுக்கும் கதவுக்கும் நடுவுல. ஏன் தெரியுமா? பக்கத்துல உக்காந்திருக்கிற அம்மா சேலையில இடிச்சிரக் கூடாதுல்ல. என்னா மரியாதை பாருங்க. கீழ ஒரு பெடல் இருக்கு. அதை மிதிச்சா வண்டியோட மூட்டு மூட்டுக்கு எண்ணெய் போகும். நம்ம உடம்புல அப்படி ஒண்ணு இருக்கா?"

"இருக்கே," என்பாள் என் அக்கா இந்திராணி. "முழங்கால் வலின்னு நீங்க கத்துனா எண்ணெயை எடுத்துட்டு வர்ற பெடல் நான்தான்."

அப்படி ஒரு பென்ட்லி புதுக்கோட்டையில் அவருடைய பெரியப்பா வீட்டுக் கொட்டகையில் நாற்பது வருடமாக நின்றுகொண்டிருந்தது. கொட்டகையை இடித்துவிட்டு மாடி வீடு கட்டப்போகிறோம், வேண்டுமானால் காரை எடுத்துக்கொள் என்று சொல்லி அனுப்பினார்கள். அத்தான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மகிழ்ச்சியில்தான். மூன்றாம் நாள்தான் அவர் குடியிருப்பது அரசுக் குவார்ட்டர்ஸில், இரண்டாவது மாடியில் என்பது நினைவுக்கு வந்தது.

இங்கே தீவின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மெயின்லாண்டுக்குப் போகிற யாரும் தனக்காக மட்டும் போய்வர முடியாது. கப்பல் ஏறுகிறான் என்று தெரிந்தால் போதும், தெருவே வந்து நிற்கும். ஒருவருக்குக் கல்யாணப் பட்டு, இன்னொருவருக்கு ஆட்டுக்கல், வேறொருவருக்கு இன்ன கடையில் இன்ன நிறத்தில் விற்கும் கொசுவலை. முடியாது என்று சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்த முறை நம் கொசுவலை வராது.

அத்தான் இந்த வரிசையில் பென்ட்லியைச் சேர்த்துவிட்டார். புதுக்கோட்டையில் ஒரு மெக்கானிக் காரைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டினார். பதினோரு வருடம். ஊருக்குப் போன ஒவ்வொருவரும் திரும்பும்போது ஒரு பாகத்தோடு வந்தார்கள். தோஹாவில் வேலை பார்க்கும் நான், ஒரு விடுமுறையில் புதுக்கோட்டை வழியாக வந்தபோது, கியர் கம்பியைக் கொண்டுவந்தேன். விமான நிலையத்தில் அது என்ன ஆயுதம் என்று கேட்டார்கள். கார் பாகம் என்றேன். கார் எங்கே என்றார்கள். அங்கங்கே இருக்கிறது என்றேன். அடுத்த நாற்பது நிமிடத்தை நான் மறக்க விரும்புகிறேன்.

அங்கங்கே என்பது பொய்யில்லை. குவார்ட்டர்ஸில் இடம் கிடையாது. அதனால் கொண்டுவந்தவர் வீட்டிலேயே அந்தந்தப் பாகத்தை விட்டுவைத்தார். இன்ஜினை மட்டும் எட்டுப் பேர் சுமந்து மாடியேற்றி, டி.வி.க்கு முன்னால் இறக்கினார்கள். அக்கா அதன்மேல் பூப்போட்ட துணி விரித்தாள்.

ஒவ்வொரு பாகம் இறங்கும்போதும் அத்தான் சீட்டில் கோடு போட்டார். கடைசிக் கோடு விழுந்த அன்று, சென்னையில் இருக்கிற பழைய கார் அபிமானிகள் சங்கத்துக்கு உறுப்பினர் விண்ணப்பம் அனுப்பினார். அந்தச் சங்கத்தில் சேர்ந்தால் ஒரு பித்தளைச் சின்னம் தருவார்கள். அதைக் காரின் முகத்தில் பொருத்திக்கொள்ளலாம். அதுதான் அவருடைய வாழ்நாள் ஆசை. விண்ணப்பத்தில், 'காரின் தற்போதைய நிலை' என்று ஒரு கேள்வி. முப்பத்திரண்டு வருடப் பழக்கம், கை தானாக எழுதிவிட்டது: "முழுமையாக இறங்கியது. சேதாரம் இல்லை."

அவரைப் பொறுத்தவரை அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. எல்லாம் தீவில் இறங்கிவிட்டது, எண்ணிக்கை சரி. ஆனால் சங்கத்தார், முழுக் கார் ஒன்று தீவில் தயாராக நிற்கிறது என்று படித்தார்கள். பதில் வந்தது. 'மகிழ்ச்சி. எங்கள் பார்வையாளர்கள் இருவர் பதினெட்டாம் தேதி நேரில் வருகிறார்கள். விதி ஏழின்படி, உரிமையாளர் உள்ளே அமர்ந்திருக்கக் கார் பத்தடி நகர வேண்டும். தவறினால் மறுபடி விண்ணப்பிக்க இயலாது.'

நான் விடுமுறைக்கு வந்திறங்கியது பதினாறாம் தேதி. கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அத்தானோ நிதானமாக இருந்தார்.

"ரெண்டு நாள் இருக்கு மாப்ளே. ஒரு சின்ன லாரி பிடிப்போம். எல்லாத்தையும் எடுத்துட்டு வருவோம். ஜோடிச்சிருவோம்."

"யாரு ஜோடிக்கிறது?"

"அதை அப்புறம் பாப்போம். முதல்ல எண்ணிக்கை."

மறுநாள் முதலில் சாத்தம் போனோம். படகுத்துறைக்குப் பக்கத்தில் நூருல்லாவின் சாயாக்கடை. காரின் முகம், அதாவது ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் அந்தப் பளபளக்கும் கம்பிச் சட்டம், அங்கே கடையின் ஜன்னலாகப் பொருத்தப்பட்டிருந்தது. நூருல்லா தினமும் எலுமிச்சைத் தோலும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார்.

"தாராளமா எடுத்துக்கங்கண்ணே. உங்க சாமான்தானே," என்றார் நூருல்லா. "ஆனா பம்பூஃப்ளாட் போற போட்டுக்கு நிக்கிற ஜனம் பூரா இதுல பாத்துத்தான் தலை சீவுது. எடுத்துட்டா நாளைக்கு எல்லாரும் பரட்டைத் தலையோட ஆபீஸ் போவாங்க. பரவால்ல. நீங்க பஹலே, முதல்ல சாயா குடிங்க."

சாயா குடித்தோம். அத்தான் சட்டத்தை ஒருமுறை தடவிவிட்டு, "இது கடைசியில எடுத்துக்கலாம்" என்றார்.

அபர்தீன் பஜாரில் ஜைனப்பின் தையல் கடை. பின்சீட்டு அங்கே சோபாவாகக் கிடந்தது. ஸ்டீயரிங் சுவரில் ஆணியடித்து மாட்டப்பட்டு, அதில் நூல்கண்டுகள் தொங்கின.

"எடுங்கண்ணே, மனா பண்ண மாட்டேன், வேண்டாம்னு சொல்ல மாட்டேன்," என்றாள் ஜைனப். "ஆனா ஒண்ணு. ப்ளவுஸ் லேட்டுன்னு சண்டைக்கு வர்றவங்க இதுல உக்காந்தா அடங்கிடறாங்க. அடுத்த வாரம் தாங்கன்னு போயிடறாங்க. இதை எடுத்தா இனிமே நான் சொன்ன நாளுக்குத் தைக்கணும். உங்களுக்காக அதையும் பண்றேன்."

"அவ்வளவு கஷ்டம் வேண்டாம்மா," என்றார் அத்தான்.

புரோத்ராபூரில் பேச்சியம்மாவின் தோட்டம். வெளிக்கூடும் அடிச்சட்டமும் நான்கு சக்கரங்களும் அங்கே ஒரு மேட்டில் நின்றன. குழாய்ச் சரக்கோடு ஒரு காண்ட்ராக்டர் தயவில் வந்தவை. உள்ளே பதினாலு வாத்துகள்.

"அதுக வேற இடத்துல முட்டை வைக்க மாட்டேங்குதுக, சொக்கலிங்கம்," என்றாள் பேச்சியம்மா. "ருசி கண்டுருச்சுக. நான் என்ன செய்ய?"

லாரி காலியாகத் திரும்பியது. அன்று ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை. அத்தான் குறட்டை விட்டார்.

பதினெட்டாம் தேதி வாடகை வேனில் பார்வையாளர்களை ஏற்றிக்கொண்டேன். ஒருவர் உமா மகேஸ்வரி, ஓய்வு பெற்ற கணக்கு அதிகாரி. சொந்தமாக ஒரு பழைய டைம்லர் கார் வைத்திருப்பவர். இன்னொருவர் அன்பழகன், சங்கச் செயலாளர். கையில் படிவம், இடுப்பில் அளவு டேப்.

"வாங்க, முன்பக்கத்துல இருந்து ஆரம்பிப்போம்," என்று அத்தான் அவர்களைச் சாத்தம் அழைத்துப்போனார்.

அன்பழகன் சாயாக்கடை ஜன்னலைப் பார்த்தார். "மீதி எங்கே சார்?"

"போற வழியில."

அன்பழகன் படிவத்தை மூடினார். ஆனால் உமா மகேஸ்வரி ஜன்னலுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருந்தார். கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். பிறகு அதில் தம் முகத்தைப் பார்த்து, நெற்றி முடியைச் சரி செய்துகொண்டார்.

"என் டைம்லரை ஆறு வருஷமா துணி போட்டு மூடி வச்சிருக்கேன் பாய்," என்றார் நூருல்லாவிடம். "இவ்வளவு பளபளப்பு அதுல இல்ல. எலுமிச்சையா?"

"எலுமிச்சையும் சாம்பலும் பெஹன்ஜி. சாம்பல் தேங்காய் மட்டைச் சாம்பலா இருக்கணும்."

உமா மகேஸ்வரி அதைக் குறித்துக்கொண்டார். "அன்பழகன், வண்டியில ஏறுங்க. முழுசாப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

அடுத்து வீட்டுக்கு. அக்கா இன்ஜின்மேலேயே பலகாரத் தட்டை வைத்தாள். அன்பழகன் துணியை விலக்கிப் பார்த்தார். ஆறு சிலிண்டரும் எண்ணெய் பூசி அம்சமாக இருந்தன. "ஸ்டார்ட் பண்ண முடியுமா?" என்றார்.

"ரெண்டாவது மாடி சார்," என்றாள் அக்கா. "கீழ் வீட்டுப் பொண்ணுக்குப் பரீட்சை. அடுத்த மாசம்னா பாக்கலாம். அதிரசம் எடுத்துக்கங்க."

ஜைனப் கடையில் அன்பழகன் பின்சீட்டின் தோலைச் சோதிக்க உட்கார்ந்தார். சோதித்தபடியே சாய்ந்தார். இருபது நிமிடம் கழித்துத்தான் எழுந்தார். யாரையோ பார்த்து, "பரவால்ல, அடுத்த வாரம் தாங்க" என்றார். அவர் எதுவும் தைக்கக் கொடுத்திருக்கவில்லை.

என் பயம் முழுக்க விதி ஏழைப் பற்றித்தான். புரோத்ராபூர் நெருங்க நெருங்க வேனை மெதுவாக ஓட்டினேன். இன்ஜின் ஹேடோவில், ஸ்டீயரிங் அபர்தீன் பஜாரில், கூடு வாத்துகளிடம். இது எப்படிப் பத்தடி நகரும்? அத்தானிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அதைத்தான் மாப்ளே நானும் யோசிச்சுட்டே வர்றேன்," என்றார். முதன்முறையாக அவர் முகம் வெளுத்திருந்தது. "பேசாம தள்ளிவிடச் சொல்லலாம்னா, அது கார் நகர்றது ஆகாது. நாம நகத்துறது. பொய்க் கணக்கு எழுதி எனக்குப் பழக்கமில்ல."

தோட்டத்தில் அன்பழகன் கறாராக இருந்தார். தூக்கம் கலைந்த கோபமும் சேர்ந்திருந்தது. "விதி ஏழு. உரிமையாளர் உள்ளே உக்காருங்க. நகருதா பாப்போம். நகரலைன்னா இப்படியே எழுதிட்டுப் போறோம்."

அத்தான் கதவைத் திறந்தார். பதினாலு வாத்துகளும் அவரைப் பார்த்தன. டிரைவர் இடத்தில் பலகை ஒன்று போட்டிருந்தது. அதிலிருந்த முட்டையை எடுத்துப் பேச்சியம்மாவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். பதினோரு வருடத்தில் அவர் தம் காருக்குள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இரண்டு கையையும் ஸ்டீயரிங் இருக்க வேண்டிய இடத்தில், காற்றில் வைத்துக்கொண்டார். கார் நகரவில்லை. ஒரு வாத்து மட்டும் ஏதோ சொன்னது.

"சரி," என்றார் அன்பழகன். "நீளத்தையாவது அளந்துக்கறேன்." டேப்பை நீட்டிக்கொண்டு பின்புறம் குனிந்தார். பின்சக்கரத்துக்கு முன்னால் ஒரு கருங்கல் கிடந்தது. டேப் நேராகப் போகாமல் அதில் இடித்தது. அன்பழகன் ஒழுங்கானவர். கல்லை எடுத்து ஓரமாக வைத்தார்.

"ஏ அய்யா, அதை எடுக்காதீரு," என்று பேச்சியம்மா சொல்லி முடிப்பதற்குள் பென்ட்லி கிளம்பிவிட்டது.

சத்தமே இல்லை. அந்தக் காருக்கே உரிய மரியாதையோடு, மெதுவாக, மேட்டிலிருந்து இறங்கியது. அத்தான் காற்றை இடப்பக்கம் திருப்பினார். பிறகு வலப்பக்கம் திருப்பினார். பாக்குமரம் ஒன்றைக் கார் தானாகவே தவிர்த்தது. வாத்துகள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டித் தோட்டத்தைப் பார்த்தன, கல்யாண வண்டியில் போகிற பெண்வீட்டார் மாதிரி. அத்தான் போகிற போக்கில் எங்களைப் பார்த்துத் தலையசைத்தார். கார் வாத்துக் குளத்தின் கரையைத் தாண்டி, தண்ணீருக்குள் பாதி இறங்கி நின்றது.

நான் ஓடினேன். எனக்குத் தெரிந்த சாமி எல்லாவற்றையும் தமிழிலும் ஹிந்தியிலும் கூப்பிட்டுக்கொண்டே ஓடினேன். கரையில் நின்று, "அத்தான், அடிபட்டுச்சா?" என்றேன்.

நீந்தி வெளியே வந்துகொண்டிருந்த வாத்துகளைப் பார்த்து, அவர் ஈர விரலால் காரின் கதவில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நான்கு நேராக, ஐந்தாவது குறுக்காக.

"பதினாலு," என்றார் முழங்கால் தண்ணீரில் இருந்தபடி. "முழுமையாக இறங்கியது. சேதாரம் இல்லை."

கரையில் உமா மகேஸ்வரி சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அன்பழகன், விதி ஏழைப் படிங்க."

அன்பழகன் படித்தார். "உரிமையாளர் உள்ளே அமர்ந்திருக்கக் கார் பத்தடி நகர வேண்டும்."

"யாராவது தள்ளினாங்களா?"

"இல்ல மேடம்."

"நகர்ந்துச்சா?"

அன்பழகன் அளந்தார். அறுபத்திரண்டு அடி. "ஆனா மேடம், இன்ஜின் ஓடணும்ல?"

"எழுதியிருக்கா?"

படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுதியிருக்கவில்லை. கார் நகர்ந்தால் இன்ஜின் ஓடித்தான் நகரும் என்று சங்கத்தார் நினைத்திருக்கிறார்கள். மெயின்லாண்டுக்காரர்கள்.

கடைசியாக ஒரு கட்டம் மீதி இருந்தது. காரின் நீளம், முன்முனையிலிருந்து பின்முனை வரை. அன்பழகன் வெகுநேரம் யோசித்தார். பிறகு வேனில் ஏறி மீட்டரைப் பார்த்தார். சாத்தத்தில் ஏறும்போது குறித்துவைத்த எண்ணைக் கழித்து, பதிமூன்று கிலோமீட்டர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பித்தளைச் சின்னம் அடுத்த மாதம் கப்பலில் வந்தது. அன்று ஹேடோவில் அத்தானுக்குத்தான் டியூட்டி. தம் பெயருக்கு வந்த பெட்டிக்குத் தாமே ஒரு கோடு போட்டார். பிறகு நேராகச் சாத்தம் போனார். நூருல்லா நான்கு திருகாணி வைத்துச் சட்டத்தின் உச்சியில் சின்னத்தைப் பொருத்தினார்.

பம்பூஃப்ளாட் போகிறவர்கள் இப்போது அந்தச் சின்னத்தில் பல்லும் பார்த்துக்கொள்கிறார்கள்.