முதல் கை தண்ணீர்

பொழுது புலர்ந்ததும் மதகடிப் படியில் இறங்கி, மேல்துண்டை இடுப்பில் வரிந்து கட்டி, இரு கையாலும் ஏரித் தண்ணீரை அள்ளுகிறார் தருமலிங்கம். கரையில் குடங்களோடு நிற்கும் பெண்கள் பார்க்க ஒரு மடக்குக் குடிக்கிறார். பிறகு ஒரு தலையாட்டல். அந்தத் தலை ஆடினால்தான் ஒருத்தி குடத்தை நனைப்பாள். மதகுக்காரர் முதல் கை குடித்துக் காட்டாத தண்ணீரை இங்கே யாரும் மொண்டதில்லை. அவருடைய அப்பன் காலத்திலிருந்தே அப்படித்தான்.

பழவேற்காட்டில் தண்ணீருக்கா பஞ்சம்! ஒல்லாந்துக்காரன் கோட்டையைச் சுற்றி எங்கே தோண்டினாலும் ஊறும், எல்லாம் வாயில் வைக்க முடியாத உப்பு. அதனால் குப்பத்துப் பெண்கள் ஓடத்தில் கரை சேர்ந்து, வரப்பு வரப்பாக நடந்து, திருப்பாலைவனம் போகும் வழியிலிருக்கும் இந்த ஏரிக்கு வந்துதான் ஆக வேண்டும்.

மனுஷருக்கு ஏரியைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. "ஏரி ஒரு வெரக்கட எறங்குனா இவருக்குச் சோறு எறங்காது" என்பாள் மனைவி பொன்னியம்மாள். வயலுக்குத் தண்ணீர் கேட்டு யார் வந்தாலும் ஒரே பதில்தான்: "இன்னா அவசரம்? மழ வர்ட்டும்." கார்த்திகை மழை ஏமாற்றிவிட்ட வருஷம் இது. தை பிறந்ததும் மதகை அடைத்தவர், அப்புறம் ஒரு சொட்டு வெளியே விடவில்லை. கஞ்சன் என்று ஏசினார்கள். அதை அவர் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

கோட்டை வியாபாரத்துக்குச் சாயத்துணி மூட்டை மூட்டையாகப் போகிறது. சாயம் ஏற்றுமுன் ஆட்டுப்புழுக்கை கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு அலசினால்தான் அந்தத் துணி வெளுக்கும். அலச இடமில்லை என்று துணிக்காரர்கள் வந்து நின்றபோது, ஏரியின் மேல்கோடியைக் காட்டிவிட்டவர் இவரேதான். எருத்தண்ணீர் ஏரியில் கலந்தால் நாளைக்கு நம் வயலுக்குத்தானே வந்து சேரும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தார். புழுக்கைத் தண்ணீரைக் கெடுதல் என்று எந்தக் குடியானவனுக்குத் தோன்றும்?

சித்திரையில் காற்று நின்றது. வெயில் காய்ச்சி எடுத்தது. முழங்கால் ஆழத்துக்கு வற்றிய ஏரி ஒரு வாரத்துக்குள் பச்சைப் பசேலென்று ஆகிவிட்டது. ஏரி காக்கும் எல்லம்மா பச்சைப் புடவை கட்டிக்கொண்டாள் என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தருமலிங்கமும் போட்டுக்கொண்டார், ஆனால் மனசு ஒப்பவில்லை. எப்போதும் வரும் பாசி இழை இழையாக விரலில் சுற்றும். இது சுற்றவில்லை, சாயம் மாதிரி அப்பியது. காலையில் பாலாடை போல ஏடாக மிதந்தது. கொஞ்சம் காற்றடித்தால் கீழ்க்கரை மூலையில் போய் ஒதுங்கி நாறியது.

அன்றிலிருந்து பெண்கள் வருவதற்கு முன்பே வந்துவிடுகிறார். பனைமட்டையால் ஏட்டை ஒதுக்கித் தள்ளி, படியடியில் தெளிந்தாற்போல ஓர் இடம் பண்ணி வைக்கிறார். முதல் கையும் குடிக்கிறார். குடித்த நாளெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிறார். பொன்னியம்மாள் கேட்டால் தயிர் புளித்துவிட்டது என்கிறார். அவள் தயிர் உறைய வைத்தே பத்து நாளாகிறது. குப்பத்திலும் வயிற்றுவலி என்கிறார்கள், வெயில் சூடு என்று சொல்லிக்கொள்கிறார்கள். பயம் வந்துவிட்டது அவருக்கு, வெளியில் சொன்னால் துணிக்காரர்களுக்கு இடம் காட்டி ஏரியைத் தானே கெடுத்ததாக ஆகிவிடுமே என்ற பயம்.

நேற்றுச் சாயங்காலம் ஆடு மேய்க்கிற சடையன் வந்தான். கீழ்க்கரை மூலையைக் கையால் காட்டினான்.

"தண்ணி குடிச்சிட்டுத் திரும்பக்கூட இல்லண்ணா. மூணும் அங்கியே சாஞ்சிடுச்சி."

பாம்பு கீம்பு தீண்டியிருக்கும் என்றார் தருமலிங்கம். சடையன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மூன்று ஆட்டை வரிசையாக நிறுத்தித் தீண்டுகிற பாம்பு எந்த ஊரில் இருக்கிறது?

இன்று காலையும் மட்டையால் ஒதுக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார். குப்பத்திலிருந்து கோவிந்தம்மா முதல் ஆளாக வந்தாள், ஒரு இடுப்பில் குடம், மறு இடுப்பில் பிள்ளை. பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர். பொன்னியம்மாளும் அந்த வரிசையில் நின்றாள்.

தருமலிங்கம் குனிந்து அள்ளினார். தலை ஆடாவிட்டால் குப்பம் முழுக்க நாக்கு வறள வேண்டியதுதான், மழைக்கு இன்னும் மாதக்கணக்கில் இருக்கிறது. ஆடினால், இன்றைக்கு உச்சிப்பொழுதுக்குள் இந்தத் தண்ணீர் அந்தப் பிள்ளையின் வயிற்றில் இருக்கும்.

"குடிங்கண்ணா, வெயில் ஏறுது" என்றாள் கோவிந்தம்மா. "புள்ள ராவெல்லாம் தண்ணி தண்ணின்னு அழுதுச்சி."

கை உதடு வரைக்கும் போயிற்று. அங்கேயே நின்றது. பிறகு விரல்கள் மெல்லப் பிரிந்தன; தண்ணீர் ஒழுகிப் படியில் பச்சையாகத் தேங்கியது.

தருமலிங்கம் படியேறி வந்து, கோவிந்தம்மாவின் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கி, மதகுக் கல்லின் மேல் கவிழ்த்து வைத்தார்.