புழுத்த சாமையும் ஒரு அர்ச்சனையும்

மலையூரான செம்மேட்டில் சாமையைத் தோல் நீக்கிப் பொட்டலம் போட்டு விற்கும் பெண்கள் சங்கத்துக்கு ருக்குமணிதான் தலைவி. அதே மலையில் பெரக்கரை நாடு என்ற பகுதியில் மரவள்ளி பிடுங்கும் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர், இந்தச் சங்கத்தால் நிமிர்ந்தவர். அதன் முகநூல் பக்கத்தில் யார் என்ன கேட்டாலும் பேசி வீடியோ போடுவார். எழுத வராது, பேச நன்றாக வரும்.

ஐப்பசி மழையில், நாமக்கல்லிலிருந்து பூங்குழலி என்பவர் அந்தப் பக்கத்தில் ஒரு வீடியோ போட்டார். பிரித்த சங்கப் பொட்டலம், உள்ளே நெளியும் புழு. "குழந்தைக்கு வாங்கினது. இதையெல்லாம் பார்த்து அனுப்ப ஆளில்லையா?" அவ்வளவுதான் கேட்டிருந்தார்.

மதியத்துக்குள் கேள்வி வசையாகிவிட்டது. மலைச்சரக்கே மோசடி என்றார் ஒருவர். சாமையைக் கண்ணால் பார்த்திராதவர்கள்கூடத் தீர்ப்புச் சொன்னார்கள்.

"அக்கா, அந்தப் பக்கத்தையே மூடிப்போடலாங்க" என்றார் உடன் வேலை செய்யும் பழனியம்மாள், கண் கலங்கி.

ருக்குமணி கிடங்குக்குப் போய் மூட்டைகளைப் புரட்டினார். ஓடு ஒழுகி, அடிமூட்டை நனைந்து புழுத்திருந்தது.

அதற்குள் பழைய வாடிக்கையாளர்கள் சங்கத்துக்காகக் கிளம்பிவிட்டார்கள். வேறு கம்பெனி காசு கொடுத்திருக்கும் என்றார்கள். புழுவை நீயே போட்டாயா என்று பூங்குழலி மேல் பாய்ந்தார்கள்.

"பாருங்கக்கா, காத்து நம்ம பக்கம் திரும்பிருச்சு!" என்றார் பழனியம்மாள்.

ருக்குமணி மறுபடி கிடங்குக்கே போனார். செல்போனைப் பழனியம்மாளிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்லி, நனைந்த மூட்டையருகே நின்றார்.

"வணக்கமுங்க. அந்தம்மிணி பொய் சொல்லலீங்க. எங்க கிடங்கு ஒழுகி மூட்டை கெட்டுப்போச்சு. தப்பு எங்களுது. அந்தச் சரக்கைத் திருப்பிக் குடுங்க, வேற தாரோம். எங்க மேல பாசமிருந்தா அந்தம்மிணியத் திட்டாதீங்க சாமி."

வசை ஒரேயடியாக நிற்கவில்லை. சரக்கு வாங்கிக்கொண்டிருந்த இரண்டு கடைகள் திரும்பி வரவேயில்லை. ஆனால் திட்டியவர்களில் சிலர் பூங்குழலியிடம் மன்னிப்புக் கேட்டார்கள். கிடங்குக்குத் தகரம் தருவதாக ராசிபுரத்திலிருந்து ஒருவர் எழுதினார்.

மறுநாள் பூங்குழலியே போனில் கூப்பிட்டார். "ஊரே என்னைக் கிழிச்சப்ப நீங்கதான் எனக்காகப் பேசுனீங்க. ரொம்ப நன்றிங்க."

"நீங்க சொல்லலீன்னா எத்தனை ஊட்டுக் கொழந்தைங்க அதைத் தின்னிருக்கும்! நாங்கதான் கண்ணு உங்களைக் கும்புடோணும்."

அந்த வெள்ளிக்கிழமை அறப்பளீஸ்வரர் கோயிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டினார் ருக்குமணி.

"பேரு பூங்குழலிங்க. நச்சத்திரம் தெரியாதுங்க. நல்லா இருக்கோணும்னு சொல்லிப் பண்ணுங்க."