என்னைப் பற்றித் தெருவில் விசாரித்தார்கள்

படூரில் ஒரு கணினி நிறுவனத்தில் ஆள்சேர்ப்புப் பிரிவில் நான் வேலை பார்த்த காலம் அது. நாங்கள் குடியிருந்த திருவிடந்தையில் கணவர் மீன்பிடிக்க ஃபைபர் படகு வைத்திருந்தார். என் பெயரில் நான்கு வருடமாக ஒரு கிரெடிட் கார்டு இருந்தது. ஒரு மாதம்கூட நான் தவணை தவறியதில்லை.

ஒரு நாள் வேலை முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கியதும் பக்கத்து வீட்டு அக்கா என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"இன்னாடி, கடன் கட்டலியா? கார்டு கம்பெனிக்காரன் வந்து தெருவெல்லாம் வெசாரிச்சிகினு இருந்தான். உன் வூட்டுக்காரரு தெனம் கடலுக்குப் போறாரா, நீ நெஜமாவே வேலைக்குத்தான் போறியான்னு கேட்டான்."

மறுநாள் அலுவலகத்திலிருந்தே கார்டு நிறுவனத்துக்குப் போன் செய்தேன்.

"பழைய வாடிக்கையாளர்களோட வருமானத்தை மறுபடியும் சரிபார்க்கிறோம் மேடம். எல்லாருக்கும் உள்ளதுதான்" என்றார் எடுத்தவர்.

"சம்பளச் சீட்டைக் கேட்டிருந்தா நானே அனுப்பியிருப்பேனே? தெருவுல ஏன் கேட்டீங்க?"

"மீனவர் குப்பத்து அட்ரஸ்னா நேர்ல பார்க்கணும் மேடம்."

என்னோடு வேலை பார்த்த அடையாறு பெண்ணிடமும் அதே கார்டுதான் இருந்தது. அவள் வீட்டுப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. நான் தேறிவிட்டேனாம், கடன் வரம்பை இரட்டிப்பாக்கியிருக்கிறார்களாம். கார்டே வேண்டாம் என்று அந்தக் கடிதத்தின் பின்பக்கம் எழுதி, கார்டை நாலாக வெட்டி உறைக்குள் போட்டுத் திருப்பி அனுப்பினேன். தெருவில் நான் கடன்காரி என்ற பேச்சு அடங்க ஒரு வருடம் ஆனது. அக்கா அந்த வருடம் தான் நடத்திய மாதச் சீட்டில் என்னைச் சேர்க்கவே இல்லை.