தண்ணீர் ஊற்றாத வரிசை

என் பத்து வயது மகளைப் பொய் சொல்ல வைத்தவன் நான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வன ஆராய்ச்சி வேலையாகச் சங்கரன்கோவிலில் குடியிருந்தோம். வீட்டுக்குப் பின்னால் சவுண்டல் மரக்கன்றுகளை நட்டு, தண்ணீரே ஊற்றாமல் எந்த ரகம் பிழைக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வரிசை மட்டும் வாடவே இல்லை. மேலதிகாரிகளிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். அதன் பிறகுதான், பள்ளியிலிருந்து வந்த மகள் கமலா தன் பாட்டிலில் இருந்த மிச்சத் தண்ணீரை அந்த வரிசைக்கு ஊற்றுவதைப் பார்த்தேன். தினமும் ஊற்றியிருக்கிறாள்.

"பாவம்ப்பா, அதுக்குத் தாகமா இருக்காதா?"

"யாருகிட்டயும் சொல்லிராத" என்றேன்.

சில நாளில் அந்த வரிசையைப் பற்றிக் கேள்விப்பட்டு, மேலநீலிதநல்லூரிலிருந்து விவசாயி சுப்பையா அண்ணாச்சி வந்தார். பருத்தி போடும் நிலம் முழுவதும் அந்தக் கன்றை வைக்கத் துணிந்திருந்தார். சிரித்துக்கொண்டே கமலாவிடம் கேட்டார்: "மக்கா, ஒங்கப்பா ஆபீசரு, அளந்து விடுவாவ. நீ சொல்லு, நெசமாவே தண்ணி ஊத்தலையா?"

கமலா என் முகத்தைப் பார்த்தாள். நான் கன்றுகளின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஊத்தல, மாமா."

கோடையில் அவர் கன்றுகள் எல்லாம் கருகின. எனக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. கமலாவைக் கூட்டிக்கொண்டு போய் அவரிடம் உண்மையைச் சொன்னேன். மேலதிகாரிகளுக்கும் எழுதினேன். மறுபடி பருத்தி விதைக்கும் செலவை நானே ஏற்றேன்.

"வெள்ளாம அடுத்த மழைக்கு வந்துரும் சார். பிள்ளையப் போயி பொய் சொல்ல வச்சிட்டியளே" என்றார் அண்ணாச்சி.

இப்போது கமலாவோடுதான் இருக்கிறேன். ஒரு குறையும் இல்லாமல் பார்த்துக்கொள்கிறாள். மாத்திரை போட்டுவிட்டேன் என்று நான் சொன்னால், "சரிப்பா" என்பாள். பிறகு மாத்திரை அட்டையை எடுத்துப் பார்ப்பாள்.